கைசர் ஓடுவதற்கு முந்திய நான்கு வருடம்

1

இந்த ஆடி மாத நினைவுக் கூட்டத்துக்கும் என்னைப் பேசக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சப்பாத்தை வாசலில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு வந்து, சோபாவின் விளிம்பில் இருந்தார்கள்.

"மாஸ்ரர், போன வருசம் நடந்ததை மறந்திடுவம். எண்பத்திமூண்டுக் கலவரம் நடந்து இப்ப அஞ்சு வருசம். நீங்கள் பேசாட்டி ஆர் பேசுறது?"

"நான் பேசேல்லைத் தம்பி. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

அவர்கள் போன பிறகு என் மனைவி சறோ கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குசினியிலிருந்து "நல்லதாய்ப் போச்சு" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

ரொறன்ரோவுக்குப் போன மாஸ்ரர் மாறிவிட்டார், பிழையான இடத்தில் பிழையாகப் பேசினார் என்று ஊரிலும் ஒரு கதை உலவுவதாகக் கேள்விப்பட்டேன். இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருப்பீர்கள். மற்றவர் வாயால் கேட்பதைவிட என்னிடமே கேட்பது நல்லது.

வடமராட்சியில் உயர்தர வகுப்புக்கு நான் ஐரோப்பிய சரித்திரம் படிப்பித்தேன். அதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஜேர்மன் சக்கரவர்த்தி கைசர். என் மாணவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். பிறப்பிலேயே சூம்பிப்போன இடது கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு, அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டுவேன். தன் பாட்டனுக்குப் பேரரசைக் கட்டிக்கொடுத்த கிழட்டு மந்திரியை வீட்டுக்கு அனுப்பியதையும், இங்கிலாந்துக்குப் போட்டியாகக் கப்பல் கட்டியதையும், வாய் காட்டி அயல்நாட்டாரையெல்லாம் பகைத்ததையும் நடித்தே சொல்வேன். ஒஸ்திரியாவிடம், "நீ என்ன செய்தாலும் நான் உனக்குப் பின்னால் நிற்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, நோர்வேப் பக்கம் உல்லாசப் படகில் போன கட்டம் வந்தால் வகுப்பே சிரிக்கும். கடைசியில் தோற்று, ரயிலேறி ஒல்லாந்துக்கு ஓடி, அங்கே ஒரு மாளிகையில் விறகு கொத்திக்கொண்டு இருபது வருடத்துக்கு மேல் உயிரோடிருந்தார் என்று பாடத்தை முடிப்பேன். மணியும் அடிக்கும்.

2

எண்பத்துநான்கின் இலையுதிர் காலத்தில் இங்கே வந்தோம். ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், நம் ஊரில் ஒரு குறிச்சியே குடியிருக்கக்கூடிய ஒரு கட்டிடத்தில் எங்களுக்கும் இரண்டு அறை கிடைத்தது. அகதி விசாரணையில் என்ன தொழில் செய்தாய் என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழர். நான் சரித்திரம் என்றது அவர் காதில் எப்படி விழுந்ததோ, "ஸ்ரோரி ரீச்சர்" என்று சொல்லிவிட்டார். அதிகாரி என்னை அன்போடு பார்த்து, சின்னப் பிள்ளைகளுக்கா என்று விசாரித்தார். திருத்தினால் கேஸுக்கு ஏதும் பிசகு வருமோ என்ற பயத்தில் ஓம் என்று தலையாட்டினேன். ஆகவே இந்த நாட்டின் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் கதை சொல்கிறவன்.

வேலை ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் கிடைத்தது. சுப்பர்வைசர் மரியா இத்தாலிக்காரி. வந்த கிழமை, "பெட்டியைத் திறந்து கைசர்களை வெளியில் எடு" என்றாள். நான் அப்படியே நின்றேன். அவள் திரும்பவும் சத்தமாகச் சொன்னாள். பிறகு தானே வந்து பெட்டியைத் திறந்து, உச்சியில் ஐந்து கீறல் போட்ட உருண்டைப் பாண்களை எடுத்துக் காட்டினாள். இங்கே கைசர் என்றால் பன். அன்று வீட்டில் சொல்லிச் சிரித்தோம். ஆனால் பாண்களுக்கு நடுவே நின்றபோது என் கண் கலங்கியது என்பதைச் சறோவிடம் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் எங்களுக்குக் கை கொடுத்தவன் குகன். எங்களுக்கு நாலு மாடி மேலே தாயோடு இருந்தான். கார் இருக்கை செய்கிற தொழிற்சாலையில் வேலை. குளிர்ச் சட்டை எங்கே மலிவு, பஸ்ஸிலிருந்து சப்வேக்கு மாறும்போது பயணத் துண்டு எப்படி எடுப்பது என்று எல்லாம் காட்டித் தந்தான். என் மகள் வாணி முதல் பனியில் கை விறைத்து அழுதபோது தன் கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நடந்தான். அவனுடைய தகப்பன் கொழும்பில் கடை வைத்திருந்தவர். எண்பத்துமூன்றில் கடையோடு சேர்த்து அவரையும் எரித்துவிட்டார்கள்.

3

எண்பத்தாறு ஆடியில் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நினைவுக் கூட்டம் நடத்தினார்கள். டோர்செட் பார்க், மல்வேர்ன் பக்கமிருந்தெல்லாம் சனம் குடும்பம் குடும்பமாக வந்திருந்தது. புழுக்கம். எனக்கு முன் பேசியவர்கள் நீட்டி முழக்கியதில் சனம் அரை நித்திரை.

நித்திரை கொள்கிற வகுப்பை எழுப்ப எனக்குத் தெரியும். இடது கையைச் சட்டைக்குள் விட்டேன். மீசையை முறுக்கினேன். மேடையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கைசராக நடந்தேன். மண்டபம் சிரித்தது. பிறகு குரலை உயர்த்தினேன்.

"ஐரோப்பாவையே நடுங்க வைச்ச சேனையை வைச்சிருந்தவன். கடைசியிலை என்ன செய்தான்? ரயிலேறி ஓடினான்! கொழும்பிலை இருக்கிறவைக்கும் ஒரு ரயில் காத்துக்கொண்டு நிக்குது. நாங்கள் அதை வெளிக்கிடப் பண்ணவேணும்!"

கைதட்டல் ஓய நெடுநேரமானது. மறைப்பானேன், எனக்கு அது இனித்தது. இரண்டு வருடமாக மற்றவர்களின் எச்சில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தவன் அன்று மறுபடியும் மாஸ்ரர் ஆனேன்.

கூட்டம் கலைகிறபோது குகன் வந்து கையைப் பிடித்தான்.

"சோக்கான பேச்சு, மாஸ்ரர். அவன் ஓட எவ்வளவு காலம் எடுத்தது?"

"சண்டை துவங்கி நாலு வருசம்."

"நாலு வருசந்தானே," என்றான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். படம் எடுக்க வரும்படி கூப்பிட்டார்கள். போய்விட்டேன்.

4

ஆவணியில் ஒரு நாள் குகனின் தாய் பவளமக்கா எங்கள் கதவைத் தட்டினார். அவர் ஒருவர் வீட்டுக்கும் சும்மா போகிறவர் அல்ல. கதிரையில் இருக்கச் சொன்னோம். இருக்கவில்லை.

"உவன் வேலையை விட்டிட்டான், மாஸ்ரர். மெட்ராசுக்குப் போய், அங்கையிருந்து ஊருக்குப் போய் இயக்கத்திலை சேரப்போறானாம். கேஸ் இன்னும் முடியேல்லை. போனா இஞ்சை திரும்பி வரேலாது. இருக்கிறது உவன் ஒருத்தன்தான்."

"என்னெண்டு திடீரெண்டு...?"

"எனக்கென்ன தெரியும்? உங்கட பேச்சைக் கேட்ட நாள் தொடக்கம் உங்கட கதைதான். மாஸ்ரர் அப்பிடிச் சொன்னார், இப்பிடிச் சொன்னார். அதுதான் உங்களிட்ட ஓடி வந்தனான். நீங்கள் சொன்னாக் கேப்பான்."

தான் சொன்னது என்னை எப்படிக் குத்தியது என்று அவருக்குத் தெரியாது. உண்மையிலேயே உதவி கேட்டுத்தான் வந்திருந்தார். நான் கதைக்கிறேன் என்றேன். அன்றே போயிருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாமல் நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன்.

அந்தக் கிழமைதான் மிஸிஸ் கெல்லரோடு கதைக்க நேர்ந்தது. இல்லத்தில் இருந்த ஜேர்மன்காரக் கிழவி. மற்றவையெல்லாம் சாப்பிடுவார். அவித்து மசித்த ரேனிப் கிழங்கு மட்டும் தொடப்படாமல் திரும்பி வரும். வேறு என்ன வேண்டும் என்று கேட்டு வரும்படி மரியா என்னை அனுப்பினாள்.

"எதுவும் வேண்டாம். அதை என் கண்ணில் காட்டாதே, போதும்," என்றார். முறிந்த ஆங்கிலம். என்னுடையதும் அப்படித்தான் என்பதால் எங்களுக்குள் விளங்கியது. சண்டைக்காலத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க ரேனிப்பைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லையாம். ரேனிப் பாண், ரேனிப் சூப், வறுத்து இடித்த ரேனிப்பில் கோப்பி.

"கைசரின் காலத்திலா?" என்று கேட்டேன். "நான் ஊரில் அவரைப் பற்றிப் படிப்பித்தவன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இலங்கையிலா? எங்கள் கைசரையா?" சிரித்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தைத் தட்டி இருக்கச் சொன்னார்.

அவருடைய தகப்பன் ஒரு சின்னப் பட்டினத்தில் ஸ்ரேசன் மாஸ்ரர். வீட்டிலும் ஸ்ரேசன் கந்தோரிலும் கைசரின் படம். ஒருமுறை கைசரின் ரயில் அந்த ஸ்ரேசனில் நிற்காமல் போனதாம். புகை மறையும்வரை தகப்பன் சலூட் அடித்த கையை இறக்கவில்லையாம். சண்டை துவங்கியபோது அண்ணன்மார் எமிலும் பவுலும் அந்த ஸ்ரேசனிலேயே ஏறினார்கள். தோளில் தொங்கிய துவக்குகளின் வாயில் பூ. மரங்களில் இலை கொட்ட முதல் திரும்பிவிடலாம் என்று ஊரே நம்பியது. கொடி காட்டி ரயிலை அனுப்பியது தகப்பன்தான். எமில் முதல் இலையுதிர் காலத்திலேயே பெல்ஜியத்தில் செத்தான். பவுல் பிரான்சில் எங்கேயோ. உடல் கிடைக்கவில்லை. ரேனிப் குளிர்காலத்தில் சின்னத் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. வயிற்றில் பலமில்லாத பிள்ளை, தாங்கவில்லை.

"கைசர் ஒல்லாந்துக்குப் போய்விட்டார் என்று ஒருவர் பத்திரிகையோடு ஓடி வந்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எந்த ரயிலில் போனார் என்று."

"அதை ஏன் கேட்டார்?"

"அவர் ஸ்ரேசன் மாஸ்ரர் அல்லவா? யாராவது கொடி காட்டாமல் ரயில் போகாது."

எதிரிகள் கடலை மறித்ததால் வந்த பஞ்சம் அது என்பதையும், கைசரைக் கடைசிக் காலத்தில் அவருடைய தளபதிகளே ஒரு பொருட்டாக எடுக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். எல்லாம் படித்ததுதான். முதலாம் உலக யுத்தத்தின் விளைவுகள் என்று ஐந்தை நம்பர் போட்டுக் கரும்பலகையில் எழுதிப்போடுவேன். முடியாட்சிகள் வீழ்ந்தன, எல்லைகள் மாறின, இப்படி. பிள்ளைகள் பாடமாக்குவார்கள். ரேனிப் கிழங்கைத் தள்ளிவைக்கிற ஒரு மனிசி அந்த ஐந்துக்குள் எங்கும் இல்லை.

5

அன்று வேலை முடிந்து நேரே குகன் வீட்டுக்கு ஏறினேன். பவளமக்கா என்னைக் கண்டதும் சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போனார். குகன் சூட்கேசில் உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"குகன், நான் உமக்கு அந்த நாலு வருசத்தைப் பற்றிச் சொல்லேல்லை."

"எந்த நாலு வருசம்?"

சொன்னேன். கிழவியின் அண்ணன்மாரை, தங்கையை, ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விழுந்த பெடியன்களை. நடித்துக் காட்டவில்லை. அவன் அடுக்குவதை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டான்.

"மாஸ்ரர், உது நாடு பிடிக்கப் போன சண்டை. எங்கட அப்பா நாடு பிடிக்கப் போகேல்லை. கடையிலை சாம்பிராணி காட்டிக்கொண்டு நிண்டவர்."

"ஓம். நீர் சொல்லுறது சரி."

"அப்ப ஏன் மறிக்கிறியள்?"

"கொம்மாவை யோசிச்சுப் பாரும்."

"யோசிக்காமலோ?" சேட் ஒன்றை எடுத்து மடித்தான். பிறகு நிமிர்ந்து, கோபம் ஒரு துளியும் இல்லாமல், நேரம் கேட்பதுபோலக் கேட்டான். "நீங்கள் வருவியளோ, மாஸ்ரர்?"

தகுந்த பதில்கள் பல இருந்தன. வயது, உடம்பு, குடும்பம். அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அவற்றைச் சொல்ல வரவில்லை.

"இல்லை. எனக்குப் பயம்."

அவன் தலையை ஆட்டினான். சிரித்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"அதுக்கென்ன. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு வேலை. நீங்கள் பேசுங்கோ."

புரட்டாதியில் போனான். "கேக்க மாட்டன் எண்டிட்டான், அக்கா" என்று மட்டும் பவளமக்காவிடம் சொன்னேன். அவன் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சொல்லவில்லை.

6

கார்த்திகையில் இங்கே எல்லாரும் பழைய யுத்தங்களில் செத்தவர்களை நினைத்து நெஞ்சில் சிவப்புப் பூக் குத்திக்கொள்வார்கள். வாணியும் குத்திக்கொண்டு வந்தாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தமிழ் வகுப்புக்குப் போவதை விட்டிருந்தாள். கூட்டங்களுக்கும் வரமாட்டாள். நான் கேள்வி கேட்டால் தமிழில் துவங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். அன்று அதிசயமாகத் தானே வந்து என் பக்கத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். யுத்தத்துக்குக் கைசர் பொறுப்பா?

எனக்கு உற்சாகம் வந்தது. "எழுது பிள்ளை. கூட்டணிகள். கடற்படைப் போட்டி. தேசியவாதம்..."

"அப்பா, தற்ஸ் அ லிஸ்ற். அவரிலை பிழையா, இல்லையா?"

"அவரிலை மட்டும் எண்டு சொல்லேலாது. ஒஸ்திரியா, ரஷ்யா, எல்லாரும்தான். அதோடை, கடைசி நேரத்திலை அவர் நிப்பாட்டவும் பாத்தவர். ஏலாமல் போச்சு."

"ஏன் ஏலாமல் போனது?"

ரயில் அட்டவணைகள், தளபதிகளின் பிடிவாதம் என்று எதையோ சொல்லத் துவங்கினேன். அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, "பிகோஸ் ஹி ஓல்ரெடி செட் யெஸ்," என்றாள்.

அதையே எழுதிக்கொண்டு போனாள். நல்ல மதிப்பெண் கிடைத்தது. சறோ அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தாள். தண்ணீர் எடுக்கப் போகிறபோதெல்லாம் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

பனி கரையத் துவங்கியபோது குகனைப் பற்றிச் செய்தி வந்தது. கொண்டுவந்தவர்கள் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டினார்கள். மாஸ்ரரும் கூட வந்தால் தாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்றார்கள். போனேன். கதவைத் திறந்த பவளமக்கா அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்க முதலே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். உடல் இல்லை. சாம்பலும் இல்லை. எங்கே நடந்தது என்பதைக்கூட அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

7

எண்பத்தேழு ஆடிக் கூட்டம் நெருங்கியபோது நான் பேச மறுத்துவிட்டேன். பவளமக்காவே இறங்கி வந்தார். மெலிந்து போயிருந்தார்.

"இவை எல்லாற்றை பேரையும் சேத்து வாசிச்சுப்போட்டு விட்டிடுவினம், மாஸ்ரர். உங்களுக்கு அவனைத் தெரியும். உங்கட வாயாலை அவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ."

எப்படி மாட்டேன் என்பது?

சறோவுக்கு வேலை. வாணி வரவில்லை. தனியாகப் போனேன். மேடையில் வரிசையாகப் படங்கள் வைத்து மாலை போட்டிருந்தார்கள். குகனின் படம் தொழிற்சாலை அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. பவளமக்கா முன்வரிசையில் இருந்தார். பின்னால், கதிரை போதாமல், சுவரோடு சாய்ந்து பெடியன்கள் நின்றார்கள். குகனின் வயதுதான். அவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கைசரின் நடைக்காகக் காத்திருந்தார்களோ என்னவோ.

அவனை வீரன் என்று புகழ்ந்தால் முன்வரிசையில் இருக்கிற தாய்க்கு அது மருந்து. சுவரோடு நிற்பவர்களுக்கோ அதுவே இன்னொரு விமான ரிக்கற். நடுவில் நின்று பேசுவதற்கு ஓர் இடம் எனக்குத் தென்படவில்லை.

குகனின் கையுறையைப் பற்றிச் சொன்னேன். தாய் முதுகை நிமிர்த்திக் கேட்டார். பிறகு சொன்னேன்.

"போன வருசம் இந்த மேடையிலை கைசர் ஓடினதைச் சொன்னனான். எல்லாரும் கைதட்டினியள். அவன் ஓடுறதுக்கு முந்தின நாலு வருசத்தை நான் சொல்லேல்லை. அந்த நாலு வருசத்திலை செத்ததுகள் சின்னப் பெடியள். அவன் சாகேல்லை. அவன் கிழவனாகுமட்டும் ஒல்லாந்திலை விறகு கொத்திக்கொண்டிருந்தவன். நானும் இஞ்சை பத்திரமாய்த்தான் இருக்கிறன். குகன் போக முதல், நீங்கள் வருவியளோ எண்டு என்னட்டைக் கேட்டவன். பயம், வரமாட்டன் எண்டு சொன்னனான். அவன் போயிட்டான்."

பிறகு ஒரு மூலையிலிருந்து, "இருங்கோ மாஸ்ரர்!" என்று சத்தம் வந்தது. "செத்த பிள்ளையளை அவமதிக்கிறார்!" என்று இன்னொருவர் எழுந்தார். யாரோ என் முழங்கையைப் பிடித்து, "காணும், நிப்பாட்டுங்கோ" என்று காதுக்குள் சொன்னார். நான் இன்னும் பேசினேன், ஆனால் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். சுவரோடு நின்றவர்களில் சிலர் வெளியே போனார்கள். சிலர் நின்றார்கள். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பஸ் தரிப்பில் பவளமக்கா தனியாக நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் உங்களிட்ட அப்பிடிக் கேட்டது உண்மையோ?"

"ஓம், அக்கா."

"எனக்கு ஏன் முந்திச் சொல்லேல்லை?"

நான் பையிலிருந்து பஸ் காசை எடுத்து எண்ணினேன்.

"நீங்கள் அங்கை சொன்னது எல்லாம் சரியாய்த்தான் இருக்கும். நீங்கள் படிச்ச மனிசன்." குரல் உயரவில்லை. "ஆனா, நான் இண்டைக்குச் சரி பிழை கேக்க வரேல்லை, மாஸ்ரர். என்ர பிள்ளையைப் பற்றி நல்லதாய் நாலு சொல்லுக் கேக்க வந்தனான்."

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி ஜன்னலோரமாக இருந்தார். நான் பின்னால் ஏறி அருகில் போனேன். அவர் என்னைப் பார்க்காமலே மடியிலிருந்த பையை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தார்.

பஸ்ஸில் வேறு இருக்கைகள் நிறையக் காலியாக இருந்தன. நான் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில், சப்வே ஸ்ரேசன் வரும்வரை நின்றுகொண்டு வந்தேன்.